ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

பிரின்சிக்கு வயிற்றுவலி தொடங்கிப் பதினாலு மாதம் ஆனபோதுதான், தன் ஓரகத்தி செண்பகத்தின் கையை ஒடித்துவிட வேண்டும் என்று சாராளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அதுவரை அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பிரின்சிக்கு ஆறு வயது. சாப்பிட்ட அரை மணியில் தொப்புளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவாள். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகமாட்டாள். பிறகு வாந்தி. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தைத்த யூனிஃபார்ம் பாவாடை இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் வயிற்றில் கேஸ் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். பொன்னேரியில் ஒரு பெரிய டாக்டர் வாய் வழியாகக் குழாய்விட்டுப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஸ்கூலுக்குப் போகப் பிடிக்காத பசங்க இப்படி வயித்துவலின்னு சொல்லும். நீங்க ரொம்ப கவனிக்காதீங்க, தானா சரியாயிடும்" என்றார். சபையில் பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். எதுவும் கேட்கவில்லை.

அவர்கள் வீடு புதுவாயல் கூட்டுரோட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த காலனியில். சாராளின் கணவன் பென்னி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் உலைப் பக்கம் வேலை செய்தான். சாராள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். அதனால் பிரின்சியைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள். பக்கத்து வீடு பென்னியின் அண்ணன் தாவீதுடையது. அவர் மனைவிதான் செண்பகம். காலனி முனையில் தகரக் கொட்டகை போட்டு, ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கு நாஷ்டா கடை நடத்திவந்தாள். பிரின்சிக்குத் தலை சீவி, இட்லி ஊட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவருவது அவள்தான். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை.

யாரோ சோற்றில் கலந்து வைத்த இடுமருந்தை எடுக்கிற ஒரு பெண்மணியைப் பற்றி பேக்கிங்கில் ஒருத்தி சொன்னாள். ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள் அவள். சாராள் லீவு போட்டுப் பிரின்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண்மணி ஏதோ தழையைக் கசக்கிப் பிழிந்து குடிக்கக் கொடுத்தாள். பிள்ளை குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது. கிண்ணத்தில் கறுப்பாக எதையோ விரலால் ஒதுக்கிக் காட்டி அவள் சொன்னாள்: "பார்த்துக்கோ. சோத்துல வெச்சிக்கிறாங்க. சொந்தக் கையிதான். வயிறு காய்ஞ்சவ கையி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது சாராள் பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். பதினாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த முகம் கிடைத்துவிட்டது. உடம்பெல்லாம் சூடாக, லேசாக, கிட்டத்தட்ட சந்தோஷமாகக்கூட இருந்தது அவளுக்கு.

மறுநாளும் வேலைக்குப் போகாமல், காலை ஏழரை மணி, கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். ஹெல்மெட்டும் ஐடி கார்டுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, என் புள்ளைக்கு இன்னா வெச்ச?"

செண்பகம் பூரி திரட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். "முந்தாநாள் ரெண்டு இட்லி வெச்சேன். ஒண்ணுதான் துன்னுச்சு. ஏன், மறுபடியும் வாந்தியா?"

"மருந்து வெச்சிக்கிற. நேத்து எடுத்தாங்க. என் கண்ணால பார்த்தேன்."

"இன்னா மருந்து?" என்றாள் செண்பகம். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. புரிந்ததும் பூரிக்கட்டை கையிலிருந்து நழுவியது. "சாரா, நானா? நம்ம பிரின்சிக்கா?"

"உனக்கு இல்லாதது எனக்கு இருக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கிற."

சாராள் இட்லிப் பானையைப் பிடித்துத் தள்ளினாள். கொதிக்கிற தண்ணீர் மண்ணில் ஓடியது. செண்பகம் சட்டென்று அவள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். "காலு வெந்துபூடும்டி, தள்ளு" என்றாள். அந்தக் கையைச் சாராள் தட்டிவிட்டாள். தட்டில் இருந்ததைச் சாப்பிடாமல் நாலு பேர் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதோடு அவள் விடவில்லை. இரண்டு வாரம் சாயங்காலம் தோறும் ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்றாள். "அவ கையால வாங்கித் துன்னாதீங்க. உங்க ஊட்லயும் பசங்க கீறாங்க" என்றாள். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வடக்கிலிருந்து வந்த பையன்கள்கூட விஷயம் கேள்விப்பட்டு கூட்டுரோட்டுக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். மாவு புளித்துப் போய்ச் செண்பகம் சாக்கடையில் கொட்டுவதைச் சாராள் தன் வாசலிலிருந்து பார்த்தாள். போதவில்லை என்றுதான் தோன்றியது.

மூன்றாவது வாரம் தாவீது வந்து பென்னியிடம், "தம்பி, நாங்க கடம்பத்தூர் போறோம். அவ அம்மா ஊட்டுக்கு. இங்க அவளால தல நிமிந்து நடக்க முடியல" என்றார். பென்னி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நின்றான். அவனுக்கு இடுமருந்திலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் சாராளை எதிர்த்துச் சொல்ல அவனிடம் வேறு காரணமும் இல்லை. சின்ன யானை வண்டியில் கட்டிலும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு அவர்கள் போனார்கள்.

அந்த நாட்களில்தான் கம்பெனியில் உலை ரிப்பேர் என்று பென்னிக்கு இருபது நாள் வேலை இல்லாமல் போயிற்று. லுங்கியோடு வீட்டில் கிடந்தான். பிரின்சி கொஞ்சம் தேறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "பார்த்தியா, அவ போனா, என் புள்ள துன்னுது" என்றாள் சாராள். பென்னி தலையாட்டினான்.

உலை மறுபடி எரிய ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் பிரின்சி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

இந்தத் தடவை சென்னைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அருணா என்று ஒரு இளம் டாக்டர். மேல்படிப்புப் படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவள், தூக்கமில்லாத கண். அவள் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிள்ளையின் வெளுத்த நாக்கைப் பார்த்தாள். பிறகு, பதினேழு மாதத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்பா என்ன வேலை பண்றாரு?"

"பேட்டரி கம்பெனி. ஈயம் உருக்கறது."

பேனா நின்றது. "அவரு எங்க?"

பென்னி வராந்தாவிலிருந்து வந்தான். டாக்டர் அவனைக் கீழுதட்டை மடித்துக் காட்டச் சொன்னாள். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மை தடவின மாதிரி ஒரு நீலக் கோடு ஓடியது. அது பாக்குக் கறை என்றே சாராள் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

"வேலை முடிஞ்சு குளிச்சிட்டு வருவீங்களா?"

"ஊட்டுக்கு வந்துதாம்மா குளிப்பேன்."

"வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

பிரின்சிதான் கட்டிலில் படுத்தபடி சொன்னாள்: "நைனா என்ன தூக்கிக்கும்."

அதுதான் நடந்துகொண்டிருந்தது. பைக் சத்தம் கேட்டதும் பிள்ளை ஓடிப்போய் அவன்மேல் ஏறிக்கொள்ளும். முகத்தை அவன் சட்டையில் வைத்துத் தேய்க்கும். வயிறு வலிக்கிற நாட்களில் அவன் யூனிஃபார்மைக்கூட கழற்றாமல் பாயில் சாய்ந்து, அவளை நெஞ்சில் குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுப்பான். வலி அதிகமாக ஆக, அதிக நேரம் தட்டிக்கொடுத்தான்.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அருணா சாராளை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னாள். "பாப்பா ரத்தத்துல ஈயம் ஐம்பத்தெட்டு இருக்கு. அஞ்சைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம். வயித்துவலி, மலச்சிக்கல், ரத்தசோகை எல்லாம் இதுனாலதான். அந்தத் தூசி அப்பா துணியில, முடியில, பைக் சீட்டுல வீட்டுக்கு வந்திருக்கு. பாப்பா நடிக்கல."

"யாரும் மருந்து வெக்கலியா?" என்று கேட்டாள் சாராள்.

டாக்டருக்கு அது புரியவில்லை. "மருந்து இனிமேதான் கொடுக்கணும்" என்றாள்.

பத்தொன்பது நாள் மருந்து. கூமுட்டை நாற்றம் அடிக்கிற மாத்திரையை உடைத்துப் பழக்கூழில் கலந்து ஊட்டினார்கள். அந்த வார்டில் உட்கார்ந்து சாராள் செண்பகத்தை நினைக்காமலிருக்கப் பெரும்பாடுபட்டாள். நினைத்தால் தன் கையைத்தான் ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் பென்னியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுடி. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கம்பெனியில ரத்தம் எடுப்பாங்க. எல்லாம் நார்மல்னுதான் சொல்வாங்க. சேஃப்டி ஆபீசர் பச்சை நோட்டுல எழுதி வெச்சிக்குவாரு."

"எழுதினத நீ பார்த்தியா?"

"அத யாரு காட்டுவாங்க?"

வீட்டுக்கு வந்த பிறகு அவள் பென்னியைப் பிள்ளையிடம் அண்டவிடவில்லை. வேலையை அவன் விடவில்லை, ஆனால் கம்பெனிக்கு வெளியே பைப்பில் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வந்தான். அப்போதும் வாசலிலேயே நிறுத்தினாள். பிரின்சி உள்ளேயிருந்து "நைனா" என்று கூப்பிட்டால், "அங்கயே இரு" என்பாள், இருவருக்கும் சேர்த்து. அவன் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. அவன் அழுதான். அதைப் பார்க்க அவளுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அழுகிற ஆளைத் தண்டிப்பதில் ஒரு அளவுக்குமேல் ஒன்றுமில்லை என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

பென்னி ஒருநாள் தன் ரத்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லிக் கம்பெனியில் கேட்டான். அந்த வாரமே காண்ட்ராக்டர், "உனக்கு பிரேக் குடுத்துக்கிறாங்க, அப்புறம் சொல்றேன்" என்று கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பினான்.

அன்றைக்குத்தான் சாராள் முடிவு செய்தாள்.

அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை வேறொரு காண்ட்ராக்டரிடம் இருந்தது. அவளுடைய ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தைய முகவரி, அப்பா பேர் சின்னராசு. பென்னியின் மனைவி என்று யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. பிஸ்கட் கம்பெனியை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாள். ஆபீஸ் கூட்டித் துடைப்பது, ஆபீசர்களின் பாத்ரூம் கழுவுவது, டீ கொண்டுவைப்பது. தினமும் வீட்டுக்குக் கிளம்பும்முன் கூட்டுரோட்டு கழிப்பறையில் தலைக்குக் குளித்து வேறு புடவை கட்டிக்கொண்டு போனாள்.

சேஃப்டி ஆபீசர் பேர் அன்புராஜ். நாற்பத்தைந்து வயது இருக்கும். கத்திப் பேசாதவர். டீ வைத்தால் "தேங்க்ஸ்மா" என்பார். அவர் இப்படி இருப்பார் என்று சாராள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதனால் அவள் மனம் மாறவும் இல்லை.

பென்னியின் பழைய யூனிஃபார்ம் ஒன்றை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தாள். அதை உதறி, படிந்த சாம்பல் நிறத் தூளை ஒரு தைலக் குப்பியில் சேர்த்து வைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகிய அந்தக் குப்பியோடு ஒன்பது நாள் வேலைக்குப் போனாள். பத்தாம் நாள் பேன்ட்ரியில் அன்புராஜின் டம்ளரில் டீயை ஊற்றிவிட்டு மூடியைத் திறந்தாள். ஆனால் யோசித்தாள். ஒரு டம்ளர் டீயில் இந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஒருநாள் வயிறு வலிக்கும், ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். பிரின்சி பட்டது பதினேழு மாதம். தினமும் டம்ளரில் கலந்து பதினேழு மாதம் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. குப்பியை மூடி மறுபடி செருகிக்கொண்டாள்.

டீயை வைத்தபோது அன்புராஜ் கேட்டார்: "உனக்குப் பசங்க இருக்காங்களாம்மா?"

"ஒரு பொண்ணு சார்."

"வீட்டுக்குப் போனதும் நல்லா குளிச்சிட்டுத் தொடு. இந்தத் துணியோட தூக்காத. இங்க தூசி அவ்ளோ நல்லதில்ல." அக்கறையாகத்தான் சொன்னார்.

சாராள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் அலமாரி. அதில் ஒரு பை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஆபீசர்கள் பாத்ரூமுக்குப் போவார். தலைக்குக் குளித்து, வேறு சட்டை, வேறு பேன்ட், வேறு செருப்போடு வெளியே வருவார். ஈரத் தரையைத் துடைப்பவள் அவள்தான். தொழிலாளர்களுக்கென்று கட்டிய குளியலறையில் காலி டிரம்களை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள்.

இவருக்குத் தெரியும். எப்போதும் தெரியும்.

அதற்குப் பிறகு குப்பி தேவைப்படவில்லை. ஐந்து மணிக்கு அவர் குளிக்கப் போனால் பதினைந்து நிமிடம். பச்சை நோட்டு மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது, பூட்டுவதுகூட இல்லை. மூன்று சாயங்காலத்தில் நாற்பத்தோரு பக்கங்களைச் சாராள் போனில் படம் எடுத்தாள். பென்னி பேருக்கு நேரே ஐம்பத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்தேழு என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே கையெழுத்தில் 'நார்மல்'. எண்பதைத் தாண்டினவர்கள் பேருக்கு மட்டும் சிவப்பு மையில் 'பிரேக்'. பூட்டிக் கிடந்த குளியலறையையும் அலமாரிப் பையையும் படம் எடுத்துக்கொண்டு நாலாம் நாள் வேலையை விட்டு நின்றாள். குப்பியையும் சாக்கையும் அருணாவிடம் கொடுத்தாள். எப்படி அழிக்க வேண்டுமோ அப்படி அழிக்க அவள் ஏற்பாடு செய்தாள்.

திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். அருணா கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதோடு நிற்காமல் இரண்டு சீனியர் டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு சபைக் கட்டடத்திலேயே ஒரு முகாம் நடத்தினாள். காலனியில் அந்தக் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் இருபத்தாறு பேர். பதினொரு பேருக்கு ரத்தத்தில் ஈயம் அதிகம். அதில் நாலு பேருக்கு அடிக்கடி வயிற்றுவலி. அவர்களுக்கும் யாரோ பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து உலைக்கு சீல் வைத்தார்கள்.

அதன் பிறகு காலனியில் சாராளிடம் பேசுகிறவர்கள் குறைந்து போனார்கள். எதிர்வீட்டு சுகிர்தாவின் புருஷனும் அதே உலையில்தான் வேலை. அவள் தண்ணீர்க் குடத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "உன் புள்ளைக்கு நோவுன்னா எங்க எல்லார் ஊட்டு அடுப்பையும் ஏன் அணைச்ச?"

"உன் பையனுக்கும் முப்பத்தொண்ணு கீது."

"அவன் நல்லாத்தான் ஓடிக்கினு கீறான்."

வாதம் செய்யச் சாராளுக்கு ஆசையில்லை. சீல் வைத்த கேட்டைப் பார்ப்பதற்காகவே தினமும் அந்த வழியாக நடந்தாள்.

ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அன்புராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. கம்பெனிமேல் போட்ட வழக்கில் அவர் பேர் இரண்டாவதாக இருந்தது. முதல் பேர் முதலாளியுடையது, அவரை யாரும் பார்த்ததில்லை. அன்புராஜ் வாசலில் நின்றார். சாராள் உள்ளே கூப்பிடவில்லை.

"நான் சம்பளத்துக்கு வேலை பாக்கறவன்மா. மேல என்ன சொன்னாங்களோ அதை எழுதினேன். எனக்கும் ரெண்டு பசங்க. நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா என் பேரை எடுத்துருவாங்க."

"சட்டைய மாத்திக்கினு போனது மேல சொல்லியா சார்?"

அவர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சுகிர்தாவும் புருஷனும் வந்து நின்றார்கள். சாராள் போனில் அந்தப் பக்கங்களைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க கையெழுத்துதானே. படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாரி."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"படிங்க சார்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் படித்தார். முதலில் முணுமுணுப்பாக, பிறகு அவள் "கேக்கல" என்றதும் உரக்க. பேர், எண், நார்மல். பேர், எண், நார்மல். தன் பேருக்கு எழுபத்தொன்று என்று வந்தபோது சுகிர்தாவின் புருஷன் "இன்னா சார், எனக்கும் நார்மல்னுதானே சொன்ன" என்று கேட்டான். சுகிர்தா தன் பையனைத் தேடி உள்ளே போனாள். முப்பத்தெட்டுப் பேர். படித்து முடித்தபோது அன்புராஜின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்து, "படிச்சிட்டேன். எழுதித் தர்றியாம்மா?" என்றார்.

"படிச்சா எழுதித் தரேன்னு நான் சொல்லவேயில்லியே" என்றாள் சாராள்.

அவர் தெருக்கோடிவரை நடந்து போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கை ஓங்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு அத்தனை நிறைவாக இருந்திருக்காது. அன்று சாயங்காலம், பத்து மாதத்துக்குப் பிறகு, பென்னியை உள்ளே வரச்சொன்னாள். அவன் இப்போது ஒரு குடோனில் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிரின்சி அவன் மடியில் போய் உட்கார்ந்தாள். அவன் கையைத் தூக்கவே பயந்து, தரையில் ஊன்றியபடியே இருந்தான். சாராள்தான் அவன் கையை எடுத்துப் பிள்ளையின் தலைமேல் வைத்தாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் தானே ரயிலேறிக் கடம்பத்தூர் போனாள்.

செண்பகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தாள். சாராளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள், உட்காரச் சொல்லவில்லை. சாராள் ஈயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு பண்ணிட்டேங்கா" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்ற? நான் வெக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எந்த ஊட்டு வாசல்ல நின்னு சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

சாராள் போனாள். அதே சாயங்கால நேரம், அதே வீடுகள். ஒவ்வொரு வாசலிலும், "செண்பகம் அக்கா மேல நான் சொன்னது பொய். அவங்க என் புள்ளைக்குச் சோறுதான் போட்டாங்க" என்றாள். சிலர் சரி என்றார்கள். சிலர் அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு என்றார்கள். இரண்டு பேர் கதவைத் திறக்கவேயில்லை. பழைய பேச்சைப் பரப்ப இரண்டு வாரம் போதுமாயிருந்தது. இதைச் சொல்லி முடிக்க மூன்று வாரமாயிற்று. சொல்லி முடித்த பிறகும், கேட்டவர்கள் முகத்தில் ஒரு மூலையில் சந்தேகம் அப்படியேதான் இருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாராள் போய், அன்புராஜின் கண்ணில் படுகிற மாதிரி முன் பெஞ்சில் உட்காருகிறாள். முதலாளி இதுவரை வரவில்லை. அவர் வருகிற நாளுக்காகத்தான், மறுபடி சேர்ந்திருக்கும் பிஸ்கட் கம்பெனியில் அவள் லீவு சேர்த்துவைக்கிறாள். பிரின்சிக்கு எண் பத்தொன்பதுக்கு இறங்கியிருக்கிறது. வயிற்றுவலி மாதத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் வருகிறது. படிப்பில் பின்தங்கியிருக்கிறாள், எழுத்துகள் மாறிப்போகின்றன. அது தேறுமா என்று கேட்டால் அருணா, "பார்ப்போம்" என்கிறாள், கண்ணைப் பார்க்காமல்.

முதல் சனிக்கிழமைகளில் பிரின்சியைக் கடம்பத்தூருக்குக் கூட்டிப்போகிறாள் சாராள். பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைதான் அடம்பிடித்தது. செண்பகம் அவளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்து ஊட்டுகிறாள். இட்லியைப் பிட்டுப் பிட்டு, சட்னி தொட்டு, வாயைத் துடைத்துவிட்டு. சாராள் வெளியே பெஞ்சில் இருப்பாள். அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை பிரின்சி வாய் நிறைய இட்லியோடு, "பெரிம்மா, அம்மா இன்னும் துன்னல" என்றாள்.

செண்பகம் வெளியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த விள்ளலைப் பிட்டாள்.

"உங்கம்மா எங்கையால துன்ன மாட்டா, கண்ணு" என்றாள்.

சாராளின் காதில் விழுந்தது. எழுந்து உள்ளே போய், தட்டை நீட்டிக் கேட்டுவிடலாம் என்று கால் வரைக்கும் வந்தது. அரக்கோணம் வண்டிக்கு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. அவள் பெஞ்சிலேயே இருந்து பிள்ளை சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தாள்.